கோபம், கோபமில்லை, தெரியவில்லை

1

இந்தக் கதை எனக்குப் பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் கிடைத்தது. பின்னால் யாராவது கண்டுபிடித்துச் சொல்வதைவிட நானே முதலில் ஒத்துக்கொள்வது மேல். கடைவாய்ப் பல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர் நாற்காலியில் ஒரு பெண் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்: "அவ கத்தியிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன். மரியாதையாப் பேசுறா. அதான் பயமா இருக்கு." அதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். வெளியே வந்து பார்த்தால் அவள் இல்லை. யார் அந்த மரியாதைக்காரி, இவளுக்கு என்ன பயம், ஒன்றும் தெரியாது. ஆகவே மிச்சத்தை நானே இட்டுக்கட்டியிருக்கிறேன்.

அதே வாரம் பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டார். "இயந்திரக் கற்றல் பத்தி ஒரு கதை குடுங்களேன். எல்லாத் தொழில்லயும் வந்துடுச்சு. உங்க கதையில மட்டும்தான் இன்னும் வரல."

அவர் சொன்ன தொனி எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சரி என்றேன்.

2

முதல் தொடக்கம்: இயந்திரம் விழித்துக்கொண்டது. அதன் சிவந்த கண்கள் இருட்டில்

[விட்டுவிட்டேன். விசாரித்ததில், அதற்குக் கண் கிடையாதாம். எங்கோ குளிரூட்டிய கட்டடத்தில் அடுக்கி வைத்திருக்கும் பெட்டிகளில் அது ஓடுகிறது. அதோடு வேலை செய்கிறவர்கள்கூட அதைப் பார்த்ததில்லை.]

இரண்டாம் தொடக்கம்: நெருப்பு, சக்கரம், அச்சு ஆகியவற்றுக்குப் பிறகு மனித குலத்தின் வரலாற்றில்

[பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டி. ஆறுதல் பரிசுகூடக் கிடைக்காது.]

மூன்றாம் தொடக்கம்: அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அக்காவின் குரலை மறுபடியும்

இந்த இடத்தில் என் மனைவி தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அவனா? ஒரு ஆம்பளை, அக்கா என்ன தொனியில பேசினாங்கன்னு மாசக் கணக்கா யோசிச்சிட்டு இருப்பானா?"

"ஏன், இருக்க மாட்டானா?"

"உங்க அக்கா கடைசியா எப்போ போன் பண்ணாங்க, சொல்லுங்க பாப்போம்."

அவன் அவளாகிவிட்டான்.

3

ஆக, ஒரு பெண். வயது நாற்பதைத் தாண்டியிருக்கலாம். வீட்டில் இரண்டாவதாகப் பிறந்ததால் எல்லோருக்கும் அவள் சின்னவள். அவளுக்கு மேலே ஓர் அக்கா, வேறோர் ஊரில்.

சின்னவளின் வேலை குரல் கேட்பது. கம்பெனிகளுக்கு வாடிக்கையாளர்கள் போன் செய்கிறார்கள் அல்லவா, 'உங்கள் அழைப்பு பதிவு செய்யப்படுகிறது' என்று ஒரு குரல் சொல்லுமே, அந்தப் பதிவுகள், ஓர் இயந்திரத்துக்குக் கோபத்தைக் கற்றுக்கொடுப்பதற்காக, துண்டு துண்டாக அவளுக்கு வரும். திரையில் மூன்று பொத்தான்கள்: கோபம், கோபமில்லை, தெரியவில்லை. கேட்க வேண்டும், ஒன்றை அழுத்த வேண்டும், அடுத்ததைக் கேட்க வேண்டும். 'தெரியவில்லை'யை அடிக்கடி அழுத்தினால் மேலாளர் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்று தொண்டையைக் கனைப்பார். அதனால் எல்லோரும் தெரிந்ததாகவே வைத்துக்கொண்டார்கள்.

அறை சின்னது. ஜன்னல் இருந்தது, ஆனால் அதன் குறுக்கே பீரோவை வைத்துவிட்டார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்தவரை மெல்லிசை என்று கூப்பிட்டார்கள். அவர் பேசுவது அவருக்கே கேட்குமா என்பது சந்தேகம். காப்பீட்டுக் கம்பெனி அழைப்புகள் சின்னவளுக்கு. பிரிட்ஜ், வாஷிங் மெஷின் அழைப்புகள் மெல்லிசைக்கு. ஒரே துண்டை மூன்று பேராவது கேட்டு, பெரும்பான்மை சொல்வதை எடுத்துக்கொள்வதுதான் இந்தத் தொழிலில் வழக்கம். மேலாளர் அதைப் பார்த்து, "ஒரே வேலைய எதுக்கு மூணு பேரு செய்யணும்?" என்று கேட்டு, ஆளுக்கொரு குவியல், குவியலுக்கொரு இயந்திரம் என்று பிரித்துக் கொடுத்துவிட்டார். கதையின் மொத்தச் சிக்கலும் இந்தச் சிக்கனத்தில் பிறந்தது.

[இந்தக் கடைசி வாக்கியத்தை எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். 'சிக்கல் வரப்போகிறது' என்று கட்டியம் கூறுவது சோம்பேறித்தனம். ஆனால் உங்களில் பாதிப் பேர் இந்நேரம் பக்கத்தைத் திருப்பியிருப்பீர்கள் என்ற பயத்தில் விட்டுவைத்திருக்கிறேன்.]

இனி அக்கா. சின்னவள் இந்த வேலையில் சேர்ந்த வாரத்தில் அக்காவுக்குப் பித்தப்பைக் கல்லுக்காக ஆபரேஷன். கூட வந்து இருப்பதாகச் சின்னவள் வாக்குக் கொடுத்திருந்தாள். புது வேலை, லீவு கேட்க வாய் வரவில்லை. போகவில்லை. போன் செய்து சொன்னபோது அக்கா, "பரவாயில்லை. வேலைதான் முக்கியம். நீ உடம்பைப் பார்த்துக்கோ" என்றாள்.

உங்களுக்கு இதில் ஒன்றும் தப்பாகத் தெரியாது. சின்னவளுக்கு அதுதான் அக்காவின் உச்சக் கோபம். காரணம், அவர்கள் பிறந்த வீடு. அங்கே சத்தம் போடுவதுதான் சாதாரணப் பேச்சு. உப்பை எடு என்பதையே நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்வார்கள். அக்கா ஆயுள் முழுக்கத் தங்கையை 'எருமை' என்றுதான் கூப்பிட்டாள். நிஜமாகக் கோபம் வந்துவிட்டால் மட்டும் குரல் இறங்கும், வாக்கியங்கள் முழுசாக வரும், மரியாதை கூடும். அம்மா ஒரு நாள் தணிந்த குரலில் "எல்லாரும் சாப்பிட வாங்க" என்று சொன்னாள் என்பதற்காக அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்று முதல் அக்கா முழு வாக்கியங்களில் பேசிக்கொண்டிருக்கிறாள். இப்போது போனில் ஒரு குரல் செய்தி அனுப்பியிருக்கிறாள்: "ரெண்டு மாசம் கழிச்சு அந்தப் பக்கம் ஒரு வேலையா வர்றேன். உனக்கு வசதிப்பட்டா பாக்கலாம். இல்லைன்னாலும் பரவாயில்லை."

சின்னவள் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். வா என்கிறாளா, வராதே என்கிறாளா? பழையபடி ஆகிவிடலாம் என்று கை நீட்டுகிறாளா, இல்லை, ஊரார் ஒன்றும் சொல்லக் கூடாதே என்று ஒப்புக்குச் சொல்கிறாளா? தப்பாகப் புரிந்துகொண்டு எதையாவது பேசிவைத்தால் இருக்கிற ஒரே அக்காவும் கையைவிட்டுப் போய்விடுவாள். பதிலே அனுப்பவில்லை. நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன.

4

ஆசிரியர் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கதை மட்டும் வேண்டும் என்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். போனால் ஐந்தாம் பகுதியில் ஏன் சிரிப்பு வருகிறது என்று தெரியாது, அவ்வளவுதான்.

புதிதாகக் குடிபோன வீட்டின் குளியலறையை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தத் திருகு வெந்நீர், எது பச்சைத் தண்ணீர் என்று எழுதியிருக்காது. ஒன்றைக் கொஞ்சம் திருப்புகிறீர்கள், கையை நீட்டுகிறீர்கள், சுடுகிறது, கொஞ்சம் பின்னுக்குத் திருப்புகிறீர்கள். ஜில்லென்கிறது. மறுபடியும். கடைசியில் பதமாக வருகிறது. ஏன் வருகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது, கை பழகிவிட்டது. இயந்திரம் கற்பதும் இதுதான். அங்கே திருகுகள் இரண்டல்ல, லட்சக்கணக்கில். யாரும் அதற்கு விதி சொல்லிக்கொடுப்பதில்லை. ஒரு குரலைக் கேட்கிறது, 'கோபமில்லை' என்று குருட்டாம்போக்கில் ஒரு ஊகம் சொல்கிறது. சின்னவள் 'கோபம்' என்று குறித்திருக்கிறாள். தப்பு எவ்வளவு என்று கணக்குப் பார்த்து, அது குறைகிற பக்கமாக எல்லாத் திருகுகளையும் துளித்துளி நகர்த்திக்கொள்கிறது. பிறகு அடுத்த குரல். சலிக்காமல், மூக்கால் அழாமல், சம்பள உயர்வு கேட்காமல்.

இப்படித்தான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படத்தில் நிழலைத் தேடுகிறது. வங்கியில் யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்கிறது. தொழிற்சாலையில் வளைந்த திருகாணியைத் தள்ளிவிடுகிறது. வயலில் இலையின் புள்ளியைப் பார்த்து நோய் என்கிறது. நான் இதை எழுதும்போது அடுத்து என்ன சொல் வரும் என்று முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் வந்து நிற்பதும் அதுதான். ஆனால் அநேகமாக ஒவ்வொன்றுக்கும் பின்னால், எங்கோ ஓர் அறையில், யாரோ ஒருவர் உட்கார்ந்து 'இது ஆமாம், இது இல்லை' என்று முதலில் சொல்லியிருக்கிறார். அவருக்கு ஒரு வீடு இருந்திருக்கும். அந்த வீட்டில் ஒரு பழக்கம் இருந்திருக்கும்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: நானும் இப்படித்தான் கற்றுக்கொண்டேன். கதையை எழுதி மனைவியிடம் காட்டுவேன். "நல்லா இருக்கு" என்பாள். சீக்கிரம் சொன்னால் கதை குப்பை. இழுத்துச் சொன்னால் சுமார். சொல்லாமல் சமையலறைக்குப் போய்விட்டால் பிரசுரத்துக்கு அனுப்பலாம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இருபது கதைகள் ஆயின.)

5

காப்பீட்டுக் கம்பெனி அதிகாரி ஒருவர் இயந்திரத்தைச் சோதித்துப் பார்க்க வந்தார். கூடத்தில் பெரிய திரை. மேலாளர் புதுச் சட்டை போட்டிருந்தார். இயந்திரத்தைக் கட்டிய பொறியாளர், நிரந்தர ஜலதோஷம் உள்ள ஒரு பெண்மணி, கைக்குட்டையோடு மூலையில் உட்கார்ந்திருந்தார். கோபம் என்றால் சிவப்பு, இல்லையென்றால் பச்சை.

பழைய பதிவுகளில் முதல் அழைப்பு ஓடியது. "ஏங்க, எத்தனை தடவை போன் போடுறது? மனுஷன்னா நினைச்சீங்க, இல்ல மரக்கட்டைன்னு நினைச்சீங்களா? யாரு அங்க பெரிய ஆளு, அவரக் கூப்பிடுங்க." கூடத்தின் கண்ணாடி அதிர்ந்தது.

திரை பச்சை.

மேலாளர் சிரிக்க முயன்றார். "அடுத்தது போடுங்க."

இரண்டாவது, ஒரு வயதான அம்மா. "பரவாயில்லப்பா. உங்களுக்கும் எத்தனையோ வேலை இருக்கும். நான் வச்சிடறேன். நல்லா இருங்க."

திரை முழுக்கச் சிவப்பு. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு என்று எண் வேறு போட்டது.

பொறியாளர் தும்மினார். எல்லோரும் மெதுவாகத் திரும்பிச் சின்னவளைப் பார்த்தார்கள். அவளுக்கோ என்ன தப்பு என்றே புரியவில்லை. முதலில் கத்தினவருக்குக் கோபம் எங்கே இருந்தது? பாவம், மனசுவிட்டுப் பேசினார். அந்த அம்மாவின் குரலில் இருந்ததுதான் அசல் கோபம்.

"நீங்க எப்படிக் குறிச்சீங்க?" என்று மேலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"காதுல கேட்ட மாதிரிதான் சார் குறிச்சேன்."

[இங்கே அவளுக்கு வேலை போய்விடுவதாக எழுதியிருந்தேன். இரண்டு பக்கம் அழுகை. இந்தப் பெண் அப்படி அழுகிறவள்தானா என்ற சந்தேகம் வந்துவிட்டது. அழுதிருந்தால் சத்தமாக அழுதிருப்பாள், அதாவது அவள் வீட்டுக் கணக்கில் அது சோகமே இல்லை. இரண்டு பக்கத்தையும் கிழித்தேன்.]

அதிகாரி மட்டும் தன் மடிக்கணினியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"கத்தினார் பாருங்க, அவரு பாலிசியப் புதுப்பிச்சிட்டாரு. மச்சானையும் சேத்துவிட்டிருக்காரு."

"அந்த அம்மா?"

"அன்னிக்கே வேற கம்பெனிக்குப் போயிட்டாங்க."

அவர் இயந்திரத்தை அங்கேயே வாங்கிக்கொண்டார். பின்னர் ஒரு வங்கி வாங்கியது, ஓர் ஆஸ்பத்திரி வாங்கியது. சத்தம் போடாமல் நழுவிப் போகிற வாடிக்கையாளர்களைக் கண்டுபிடிக்கிற காது என்று விளம்பரம் செய்தார்கள். மெல்லிசை பழக்கிய இயந்திரம்தான் பாவம். ஒரு கதவு டொப்பென்று சாத்தப்பட்டாலே குடும்பம் உடைந்தது என்று அர்த்தம் கொள்கிற வீடு அவருடையது. சற்றே குரல் உயர்ந்தால் சிவப்பு என்று அதற்குப் பழக்கிவைத்திருந்தார். பிரிட்ஜ் கெட்டுப்போனவர்கள் யார்தான் குரலை உயர்த்தாமல் பேசுவார்கள்? திரை நாள் முழுக்கச் சிவந்தே கிடந்தது. பிரிட்ஜ் கம்பெனி திருப்பிக் கொடுத்துவிட்டது.

6

மேலாளர் இப்போது சின்னவளின் நாற்காலிக்குப் பின்னால் வந்து கனைப்பதில்லை. நாற்காலியையே மாற்றிக் கொடுத்தார். அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். மூன்று தொழில்கள் அவள் காதை நம்பி ஓடுகின்றன. அந்தக் காதுக்கு அக்காவின் குரல் மட்டும் பிடிபடாமலா போய்விடும்?

மதிய இடைவேளையில் அக்காவின் செய்தியை இயந்திரத்துக்குக் கொடுத்தாள்.

சிவப்பு. தொண்ணூற்றேழு.

காப்பீட்டு அம்மாவைவிட ஒன்று கூடுதல். சின்னவள் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டாள். ஆக, அக்கா மன்னிக்கவில்லை. வருவதாகச் சொன்னதெல்லாம் ஒப்புக்குத்தான். வாழ்நாள் முழுக்க இனி முழு வாக்கியங்கள்தான்.

"என்னாச்சு?" என்றார் மெல்லிசை. மூன்றாவது தடவை கேட்டபோதுதான் அவளுக்குக் காதில் விழுந்தது. சொன்னாள். அவர் செய்தியை வாங்கித் தன்னுடைய இயந்திரத்தில் போட்டார்.

பச்சை. நல்ல தளதளவென்ற பச்சை.

"எவ்வளவு அன்பாப் பேசுறாங்க," என்றார் மெல்லிசை. "எங்க வீட்டுல இப்படிப் பேசினா கல்யாண சம்பந்தமே பேசி முடிச்சிடுவாங்க."

இருவரும் பொறியாளரிடம் போனார்கள். அவர் ஆவி பிடித்துக்கொண்டிருந்தார். போர்த்திய துண்டுக்குள்ளிருந்தே விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

"எந்த மெஷின் சொல்றது மேடம் சரி?" என்றாள் சின்னவள்.

"ரெண்டும் சரி. உங்க மெஷின் உங்களை மாதிரி கேக்குது. அவரோடது அவரை மாதிரி கேக்குது. நீங்க சொல்லிக்குடுத்ததத்தான் திருப்பிச் சொல்லும். அதுக்குன்னு தனியா ஒண்ணும் தெரியாது."

"காப்பீட்டுக்காரங்களுக்கு மட்டும் சரியாச் சொல்லிச்சே."

"அந்தம்மா உங்க வீட்டு மாதிரி வீட்டுல வளந்தவங்களா இருக்கும்."

"எங்க அக்காவும் அதே வீட்டுல வளந்தவதானே. அப்போ சிவப்பு சரிதானே."

பொறியாளர் துண்டை விலக்கினார். மூக்கு சிவந்திருந்தது.

"கல்யாணமாகி எத்தனை வருஷமா வேற வீட்டுல இருக்காங்க? அங்க எப்படிப் பேசுவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு மெஷினுமே உங்க அக்காவக் கேட்டதில்ல."

7

இங்கே முடிவு வர வேண்டும். மூன்று எழுதினேன்.

முதல் முடிவில் அக்கா சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் வந்து நின்று, "ஏய் எருமை, கதவத் திற" என்று தெருவே அதிரக் கத்துகிறாள். சின்னவள் ஆனந்தக் கண்ணீரோடு ஓடுகிறாள். மனைவியிடம் காட்டினேன். "நல்லா இருக்கு," என்றாள், நான் காகிதத்தை நீட்டி முடிப்பதற்குள்.

இரண்டாவதில் பொறியாளர் இரண்டு இயந்திரங்களையும் இணைத்துப் புதிதாக ஒன்று செய்கிறார். அது அக்காவின் குரலைக் கேட்டுவிட்டு 'தெரியவில்லை' என்கிறது. இதில் ஒரு அழகு இருக்கிறது. ஆனால் சின்னவளுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அவளுக்கு வேண்டியது அழகல்ல, அக்கா.

மூன்றாவதை எழுத உட்கார்ந்தபோதுதான் ஒன்று புரிந்தது. அந்த வீட்டில் யாரும் யாரையும் பார்த்து 'கோபமா?' என்று கேட்டதே இல்லை. குரலை அளந்து, பாத்திரம் வைக்கிற சத்தத்தை அளந்து, ஊகித்து, ஊகம் தப்பினால் அடுத்த தடவை கொஞ்சம் திருத்திக்கொண்டு, இப்படியே இரண்டு தலைமுறை ஓட்டியிருக்கிறார்கள். லட்சம் திருகுகளை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்களே தவிர, வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. இயந்திரத்தையாவது மன்னிக்கலாம். அதற்குக் கேட்க வாயில்லை.

ஆகவே சின்னவளை எழுந்திருக்க வைத்தேன். அவளாகத்தான் எழுந்தாள் என்றும் சொல்லலாம், என் பேச்சை அவள் எப்போதுமே முழுதாகக் கேட்டதில்லை. மாடிப்படி வளைவில் போய் நின்றுகொண்டு அக்காவைக் கூப்பிட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. வைத்துவிடலாமா என்று நினைத்த நேரத்தில் எடுத்துவிட்டாள்.

"சொல்லு," என்றாள் அக்கா.

தணிந்த குரல். சின்னவளின் காது பழக்கதோஷத்தில் உடனே சிவப்பைக் காட்டியது. பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது, ஒருவேளை அதற்காகத் தணித்தாளோ. யாராவது தூங்குகிறார்களோ. ஆபரேஷனுக்குப் பிறகு உரக்கப் பேசினால் வயிறு இழுக்கிறதோ. இத்தனை மாதத்தில் அது அவளுக்குத் தோன்றவே இல்லை. தோன்றியதும் முகம் சுருங்கிப் போனது.

"என்ன, பேச மாட்டேங்கிற?"

"அக்கா." மறுபடியும் சொன்னாள். "அக்கா, உன் ஆபரேஷனுக்கு நான் வரலல்ல."

"ஆமா."

"வந்திருக்கணும்."

டிவி சத்தம் நின்றது. அணைத்துவிட்டாள் போலிருக்கிறது.

"உனக்கு என் மேல கோபமா?" என்று சின்னவள் கேட்டாள்.

[பதிலை எழுதிவைத்திருந்தேன். நல்ல பதில். ஆசிரியருக்குக்கூடப் பிடித்திருக்கும். ஆனால் படித்துப் பார்த்தால் அது சின்னவளின் அக்கா பேசியதாக இல்லை. எங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று எனக்குப் பழகியிருக்கிறதோ, அதுதான் அவள் வாயில் வந்திருந்தது. அடித்துவிட்டேன்.]

படிக்கட்டில் யாரோ ஏறி வந்தார்கள். சின்னவள் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டாள். போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள்.

அந்தப் பக்கம் அக்கா மூச்சை இழுத்தாள். இனி அவள் உங்கள் அக்கா.